நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

மற்றவர்கள் பிறை பார்த்து அறிவார்கள்.
நான் லிஃப்ட்டின் ஓட்டக் கணக்கைப் பார்த்து.

காலை ஏழுக்கு ஏறி இறங்கும் பெட்டிகள்
இந்த மாதம் பத்து வரை தூங்கும்.
மாலையில் மூச்சு வாங்கும்:
மூன்றாம் மாடியிலிருந்து ஏழுக்கு ஒரு தட்டு,
ஏழிலிருந்து ஒன்றுக்கு இன்னொன்று.
போன தட்டு வெறுமையாய்த் திரும்பக்கூடாது,
அதனால் இரண்டு மடங்கு ஓட்டம்.
இரவு ஒரு மணிக்குப் பந்தோடு இறங்கும் பிள்ளைகள்.
பின்னிரவில்
கட்டடம் முழுக்கக் குழாய்ச் சத்தம்.
குவைத்தில், ஹவல்லியில்,
எனக்கு இது ஆறாவது ரமலான்.

என் பகல் மொட்டைமாடி இயந்திர அறையில்.
ஜூன் மாதம். மோட்டாரும் நானும் ஒரே சூடு.
தண்ணீர் பாட்டிலைப் பழந்துணியில் சுற்றி
கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பேன்.
தெருவில் குடித்தால் அபராதம்.
அறைக்குள் குடித்தால்
மொஷாரஃப் இருக்கிறான்.

நோவாகாளிக்காரன். என் உதவியாள். நோன்பாளி.
நான் துணியில் கைவைத்ததும்
சுவர்ப்பக்கம் திரும்பி
ஸ்பேனர் தேடத் தொடங்குவான்.
ஸ்பேனர் அவன் இடுப்பு வாரிலேயே தொங்கும்.
பதினெட்டு நாளாய்த் தேடுகிறான்.
நானும் பதினெட்டு நாளாய்ச்
சத்தமில்லாமல் விழுங்கப் பழகுகிறேன்.

பத்தொன்பதாம் நோன்பு.
பாங்குக்குக் கால்மணி இருக்கையில் போன்:
பெட்டி நின்றுவிட்டது, உள்ளே ஆள்.
சற்றுமுன் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிய கார்கள்
எந்தப் பொந்தில் புகுந்தனவோ,
ஆளில்லாத தெருவில்
சிக்னல் யாருக்கோ பச்சை காட்டிக்கொண்டிருந்தது.
மொஷாரஃபைக் கூப்பிடவில்லை.
பள்ளிவாசல் கூடாரத்தில்
பொட்டலத்தின் முன் உட்கார்ந்திருப்பான்,
பிரிக்காமல்.

முதலில் மேலே போய் மெயினை அணைத்தேன்.
அது விதி.
பிறகு ஐந்தாம் மாடிக் கதவை முக்கோணச் சாவியால் திறந்து
குப்புறப் படுத்தேன்.
ஒரு சாண் இடுக்கு.
கீழே ஒரு பெண், மூக்குக்கண்ணாடி,
நெஞ்சோடு அணைத்த பாத்திரம்.
மருந்துக்கடை ருவைதா, அலெப்போக்காரி.
"ஏழாம் மாடிக்குக் கொண்டுபோனேன்" என்றாள்,
லிஃப்ட்டைப் பழுதாக்கியது அந்தப் பருப்பு சூப்தான் என்பதுபோல்.

பாங்கு கேட்டது.
தொலைக்காட்சிகளில் பீரங்கி.
மூடிய கதவுகளின் பின்னால் கரண்டிகள்.
அவளிடம் ஆவி பறக்கும் சூப் இருந்தது,
கரண்டி இல்லை,
ஒரு மிடறு தண்ணீர் இல்லை.

என் கை பைக்குள் போனது.
கிரீஸ் வாடைத் துணி,
உள்ளே பாதி பாட்டில்.
நாள் முழுக்க ஒளித்த பொருள்
வெளிச்சத்தில் எவ்வளவு சின்னதாய் இருந்தது.

"நான் வாய்வைத்தது" என்றேன் உடைந்த அரபியில்.
அதற்குள் அவள் கை இடுக்கு வழியே நீண்டிருந்தது.
உதடு அசைந்தது. மூன்று மிடறு.
"நீங்களும் நோன்பா?"

டாக்ஸியில், மளிகைக் கடையில்
யார் கேட்டாலும்
ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவே தலையாட்டிவிடுவேன்,
நமக்குத் தானாக வருகிற வித்தை.
குப்புறப் படுத்தவனால்
அப்படி ஆட்ட முடியாது.
"இல்லை. ரெண்டு மணிக்கு
முட்டைப் புரோட்டா சாப்பிட்டேன்."

அவள் சிரித்ததில் சூப் தளும்பியது.
"ஒரு வருஷம், பரீட்சை நேரம்,
குளியலறைக் குழாயில் குடித்தேன்.
அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது."

மேலே ஓடி
பிரேக்கைத் தளர்த்திக் கைச்சக்கரம் சுற்றி
அங்குலம் அங்குலமாய் அவளை ஏற்றினேன்.
இறங்கி வந்தபோது பெட்டி காலி.
வாசற்படியில் சூப் பாத்திரம்,
மூடிமேல் என் பாட்டில்.
ஏழாம் மாடிக்காரர்கள் அன்று என்ன குடித்தார்களோ.

மறுநாள் இரண்டு மணி.
துணியில் கைவைத்தேன்.
மொஷாரஃப் சுவர்ப்பக்கம் திரும்பினான்.
"ஸ்பேனர் உன் இடுப்பிலேயே இருக்குடா" என்றேன்.

தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
"இது பதினாறு," என்றான் திரும்பாமல்.
"நான் தேடுவது பதினேழு."